காய்ச்சல் இல்லாதவருக்கு எதற்கு அன்ரிபயோட்டிக்?

போன மாதம் லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் தெரிந்த அண்ணை ஒருவரைக் கண்டேன். கிட்னி மாற்றி மூன்று மாதம். "எல்லாக் குளிசையும் ஒழுங்காப் போடுறன் தம்பி. பக்ற்றிமை மட்டும் விட்டிட்டன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பிறகு ஏன் சும்மா அன்ரிபயோட்டிக்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அன்ரிபயோட்டிக்கைக் கண்டபடி எடுக்காதீர்கள் என்று 2002 முதல் பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதியே நமக்குச் சொல்லி வருகிறது. ஆனால் இந்தக் குளிசை வந்த நோய்க்கு அல்ல, வராமல் காக்க.

மாற்றிய கிட்னியை உடல் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். வறட்டு இருமல், காய்ச்சல், படியேற மூச்சு வாங்குதல். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. கீமோ எடுப்பவர்கள், கூடிய அளவில் பல வாரம் கோர்ட்டிசோன் எடுப்பவர்களில் சிலருக்கும், சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே உள்ள எச்.ஐ.வி. நோயாளருக்கும் இதே ஆபத்துத்தான்.

இந்தக் கிருமிக்குப் பெயர் வைத்ததே பாரிஸில்தான். 1912இல் பஸ்தர் நிறுவனத்தில் டெலனோயே தம்பதியர் எலிகளின் நுரையீரலில் கண்டு அதைத் தனிக் கிருமி என்றார்கள். பக்ற்றிமில் உள்ள கோட்ரிமொக்சசோல் அதைத் தடுக்கும் என்று 1977இல் அமெரிக்காவின் மெம்பிஸில் வால்டர் ஹியூஸ் குழுவினர் புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். பாக்டீரியாவுக்கான மருந்து, இந்தப் பூஞ்சையையும் மறிக்கிறது.

காசும் ஒரு தடையில்லை. உறுப்பு மாற்றியவர்களுக்கு அது தொடர்பான சிகிச்சையை நீண்டகால நோய்த் திட்டம் நூறு வீதம் ஏற்கிறது. தடை, நாங்கள் விளங்காமலே "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டு வருவதுதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை. ஒவ்வொரு குளிசையும் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல வேண்டியது டொக்டரின் கடமையும்கூட.

இங்கே பிறந்த பிள்ளைகளே, அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டை ஒருமுறை இருந்து வாசித்துச் சொல்லுங்கள். தோலில் சொறி, கொப்பளம் வந்தால் அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும்.

அண்ணை அன்றைக்கே மகளைக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு அடித்தார். குளிசை திரும்பத் தொடங்கியாயிற்று.