விலக்கை நீட்டிக்கக் கூடாது

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டாரின் அனுபவத்தில் பிறந்த வங்கி அது. பெரிய வங்கிகள் தேவை என்று 2025 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசியதையொட்டி, இணைப்பு ஊகங்களில் அதன் பெயரும் அடிபட்டது. 2017 தொடக்கத்தில் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் ஏற்கெனவே 12 ஆகிவிட்டன. இனியும் குறைப்பதை ஏற்க முடியாது.

சிவகங்கை மாவட்டத்தின் கீழச்சிவல்பட்டி போன்ற ஊரில் நகைக்கடனுக்குப் போகும் பெண், கிராமுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று விசாரிக்கிறார். மதிப்பீட்டாளர் வரவில்லை, நாளைக்கு வாங்க என்றால் வேறு வங்கிக்குப் போகிறார். அவருக்குப் போட்டி என்பது அந்த இரண்டாவது வாசல்தான். இணைப்புக்குப் பின் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளை ஒன்றாக்கினால் அது அடைபடும். பிறகு மிச்சம் அதே வரிசை, இல்லையென்றால் அடகுக்கடை வட்டி.

நலிந்த வங்கியை வலுவான வங்கியோடு சேர்க்காமல் வேறென்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் இந்த வங்கியிடமே இருக்கிறது. வாராக்கடன் சுமையால் 2015இல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கைக்குள் போன இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 2021 செப்டம்பரில் வெளியே வந்தது. அரசு மூலதனம் கொடுத்தது, உண்மை. ஆனால் யாரோடும் இணையாமலேயே அது மீண்டது.

தனியார் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டி இணைய வேண்டுமானால் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகள் அதற்காகவே இருக்கின்றன. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் இணைப்புக்கோ 2017 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு பத்தாண்டு விலக்கு அளித்தது. 2020 ஏப்ரல் 1இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது அந்த நிழலில்தான். வாடிக்கையாளருக்கு என்ன இழப்பு என்று போட்டி ஆணையம் கேட்கவே வழியில்லை. உரிமையாளர் அரசு என்பதால் ஏகபோகத்தின் சுமை குறைந்துவிடுமா?

பத்தாண்டு 2027 ஆகஸ்டில் முடிகிறது. மத்திய அரசு அதை நீட்டிக்கக் கூடாது. அதற்கு முன் அவசர இணைப்பு எதையும் அறிவிக்கவும் கூடாது. இனி எந்த இணைப்பு வந்தாலும், நாட்டின் மொத்தக் கணக்கைக் காட்டித் தப்பிக்காமல், எந்த வட்டாரத்தில் எத்தனை வங்கிகள் மிஞ்சும் என்ற கணக்கைப் போட்டி ஆணையத்தின் முன் வைக்கட்டும். சிவகங்கைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இந்தக் கோரிக்கையை அவையில் எழுப்ப வேண்டும்.