கிளைச் செயலாளர் டூ பொதுச்செயலாளர்: எடப்பாடி பழனிசாமியை உயர்த்திய 'நம்பர்' கணக்கு என்ன?

2017 பிப்ரவரி 14. சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவுக்கு விதிக்கப்பட்ட 4 ஆண்டு சிறைத் தண்டனையை அன்று காலை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒன்பது நாட்களுக்கு முன்புதான் அவரை அதிமுக எம்எல்ஏக்கள் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வு செய்திருந்தார்கள். தீர்ப்பு வந்ததும் கூவத்தூர் ரிசார்ட்டில் இருந்த எம்எல்ஏக்கள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிவியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் சேலத்துக்கு வெளியே பலர் கேட்ட கேள்வி, "யார் இந்த எடப்பாடி?"

"ஒரு மாசம் தாங்குமா இந்த ஆட்சி?" என்ற பேச்சுதான் அப்போது எங்கும் ஓடியது. ஆனால், 4 ஆண்டுகளைத் தாண்டி 2021 மே மாதம் வரை முதலமைச்சராக இருந்தார் எடப்பாடி பழனிசாமி. அதன்பிறகு கட்சியின் பொதுச்செயலாளர் நாற்காலியையும் பிடித்தார். இது எப்படி நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

தொடக்கம்: சேவல் சின்னத்தில் வந்த எம்எல்ஏ

எடப்பாடி அருகே உள்ள சிலுவம்பாளையம்தான் சொந்த ஊர். விவசாயக் குடும்பம். 1974-ல் அதிமுகவில் சேர்ந்து, கிளைச் செயலாளராக அரசியலைத் தொடங்கினார்.

எம்ஜிஆர் மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்தில் நின்று 27 இடங்களில் ஜெயித்தது. அந்த 27 பேரில் ஒருவர் எடப்பாடி தொகுதியில் வென்ற பழனிசாமி. கட்சி பிளந்து நிற்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்பதில் அவர் எடுத்த முதல் பெரிய முடிவு அது. அந்த முடிவு சரியாக அமைந்தது.

1991-ல் மீண்டும் வெற்றி. அதன்பிறகு பாதை அவ்வளவு சுலபமாக இல்லை. 1996-ல் தோல்வி. 1998-ல் திருச்செங்கோடு எம்.பி. ஆனால் 1999, 2004 மக்களவைத் தேர்தல்களிலும், 2006 சட்டமன்றத் தேர்தலிலும் அடுத்தடுத்து தோல்வி. இத்தனை தோல்விகளுக்குப் பிறகும் அவர் கட்சி மாறவில்லை. 2011-ல் எடப்பாடியில் ஜெயித்ததும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரானார். 2016-ல் அதோடு பொதுப்பணித் துறையும் சேர்ந்தது. ஜெயலலிதா அமைச்சரவையில் பெரிய துறைகளைக் கையில் வைத்திருந்தாலும், அதிகம் பேசப்படாத அமைச்சராகவே இருந்தார்.

முதல் கணக்கு: 122

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்தார். ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். இரண்டே மாதத்தில் ராஜினாமா, மெரினாவில் தியானம், தனி அணி என எல்லாம் வேகமாக நடந்தன. சசிகலா சிறைக்குப் போகும் நிலையில், பிப்ரவரி 16-ல் பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆளுநர் 15 நாள் அவகாசம் கொடுத்தார். அவர் இரண்டே நாளில், பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்புக்குப் போனார்.

அன்றைய கணக்கு இதுதான்:

- அப்போதைய உறுப்பினர்கள்: 233 (ஆர்.கே.நகர் காலி)
- ஆதரவு: 122
- எதிர்ப்பு: 11 (பன்னீர்செல்வம் அணி)
- திமுக உறுப்பினர்கள் 88 பேர் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். காங்கிரஸ், முஸ்லிம் லீக் வெளிநடப்பு

ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டது எதிர்க்கட்சி. அது ஏற்கப்படவில்லை. கூவத்தூரிலிருந்து நேராக வந்த எம்எல்ஏக்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றுதான் ஆதரவைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வாக்கெடுப்பு நடந்த விதம் பற்றிய விமர்சனம் இன்றும் ஓயவில்லை.

11 பேர் தப்பினார்கள், 18 பேர் பதவி போனது ஏன்?

பெரும்பான்மையைக் காட்டுவதை விடக் கஷ்டம் அதைக் காப்பாற்றுவது. 2017 ஆகஸ்ட் 21-ல் பன்னீர்செல்வம் அணி இணைந்தது. அவர் துணை முதலமைச்சரானார். மறுநாளே டிடிவி தினகரன் ஆதரவு எம்எல்ஏக்கள் 19 பேர், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்துவிட, மீதி 18 பேரை செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட 11 பேரின் பதவி கடைசிவரை பறிபோகவில்லை. கடிதம் மட்டும் கொடுத்த 18 பேரின் பதவி போனது. எப்படி?

அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், முடிவெடுக்கும் அதிகாரத்தை சபாநாயகரிடம் கொடுத்திருக்கிறது. யார் மீது, எப்போது முடிவெடுப்பது என்பதும் பெரும்பாலும் அவர் கையில்தான். அவரோ ஆளும் கட்சியின் ஆதரவில் தேர்வானவர். 18 பேர் விவகாரத்தில் 'தாமாகவே கட்சியை விட்டு விலகியதற்குச் சமம்' என்ற பிரிவு பயன்படுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

18 இடம் காலியானதும் அவையின் பலம் குறைந்தது. பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையும் சேர்ந்து குறைந்தது. எம்எல்ஏக்கள் எதிரணிக்குப் போனாலும் ஆட்சி விழவில்லை என்றால், அதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

2019 மே மாதம் அடுத்த சோதனை வந்தது. மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்குத் தேனி மட்டுமே கிடைத்தது. ஆனால் அதோடு நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 இடங்களைப் பிடித்தது. 13 இடங்களை வென்றது திமுகதான். ஆனாலும் ஆட்சியைத் தக்கவைக்க அதிமுகவுக்கு அந்த 9 இடங்கள் போதுமானதாக இருந்தன.

ஆட்சி எப்படி இருந்தது?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தது ஆகிய இரண்டும் அவரது ஆட்சியின் சாதனைகளாக அதிமுகவினர் எப்போதும் சொல்பவை.

மறுபக்கம், 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டது அவரை இன்றும் துரத்தும் கேள்வி. டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அவர் சொன்னதை, பின்னர் வந்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை ஏற்கவில்லை. 2021 தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பாக நிறைவேற்றப்பட்ட வன்னியர் 10.5% உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை நீதிமன்றங்கள் ரத்து செய்தன.

2021-ல் அதிமுக 66 இடங்களோடு எதிர்க்கட்சியானது. ஆனால் எடப்பாடி தொகுதியில் அவரது வித்தியாசம் 93,802. 2016-ல் இது 42,022. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் பத்துமே அவரது கூட்டணிக்கு. 'கொங்கு மண்டலம் என் பின்னால்' என்று கட்சிக்குள் காட்ட இது போதும்.

இரண்டாவது கணக்கு: பொதுக்குழு

2017 முதல் கட்சியில் இரட்டைத் தலைமை. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர். ஆட்சி போனதும் கட்சிதான் ஒரே அதிகார மையம். அங்கே இரண்டு பேர் இருக்க முடியுமா?

2022 ஜூன் 23-ல் வானகரத்தில் கூடிய பொதுக்குழு, ஏற்கெனவே தயாரித்த 23 தீர்மானங்களையும் நிராகரித்தது. ஜூலை 11-ல் மீண்டும் கூடி, பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்வு செய்து, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. தனி நீதிபதி தீர்ப்பு பன்னீர்செல்வத்துக்குச் சாதகமாக வந்தது. இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பழனிசாமி பக்கம் நின்றது. மார்ச் 28-ல் அவர் பொதுச்செயலாளர்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பொதுச்செயலாளர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. மாவட்டச் செயலாளர்கள் யார் பக்கமோ, அவரைத் தவிர வேறு யாரும் போட்டியிடவே முடியாது. தொண்டர்கள் ஓட்டுப் போடும் தேர்தல் என்று விதியில் இருந்தாலும், போட்டி அதற்கு முன்பே முடிந்துவிடும்.

மூன்றாவது கணக்கு இன்னும் பாக்கி

இதுவரை பார்த்தால், எம்எல்ஏக்கள் எண்ணிக்கை, பொதுக்குழு எண்ணிக்கை, நீதிமன்றம் மூன்றிலும் அவர் ஜெயித்தார். மாநிலம் தழுவிய வாக்காளர் கணக்கில் இன்னும் ஜெயிக்கவில்லை.

2023 செப்டம்பரில் பாஜக கூட்டணியை முறித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூட இல்லை. கோட்டை என்று சொல்லப்பட்ட கோவையிலேயே அதிமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 11-ல் சென்னை வந்த அமித் ஷா, பழனிசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் கூட்டணியை அறிவித்தார். பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 10 நாள் கெடு விதித்த செங்கோட்டையன் பதவிகளை இழந்து, அக்டோபர் 31-ல் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். 1989-ல் சேவல் சின்னத்தில் வென்ற அதே 27 பேரில் அவரும் ஒருவர். நவம்பரில் அவர் தவெகவில் சேர்ந்தார்.

ஜெயலலிதா காலத்தில் ஒருவரை நீக்கினால் நீக்கியதுதான். அவர் பின்னால் ஓட்டு போகாது. காரணம், ஓட்டு ஜெயலலிதாவுக்கு விழுந்த ஓட்டு. பழனிசாமி விஷயத்தில் அது அப்படித்தானா என்பதுதான் கேள்வி. தேனியில், கோபியில், டெல்டாவில் நீக்கப்பட்டவர்களோடு எத்தனை ஓட்டு போகும் என்பதைப் பொதுக்குழுவில் எண்ண முடியாது. கிளைச் செயலாளராகத் தொடங்கியவருக்கு இது தெரியாமல் இருக்காது. பூத் வாரியாக எண்ணினால்தான் அந்தக் கணக்கு தெரியும்.