கயிறு கட்டுவது டிரைவர் பாடு மட்டுமா?

லோடு ஏற்றி முடிந்ததும் நம் கடைவாசல்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "ஏத்தியாச்சு, இனி டிரைவர் பாடு." பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவோம். இரும்பு வியாபாரத்தில் இருபத்தெட்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. முக்கால் டன் ஏற்றும் சின்ன வண்டி ஒன்றில் 12 எம்.எம். முறுக்குக் கம்பி எழுபது ஏற்றினோம். கம்பியின் நீளம் 40 அடி. நடுவில் மடித்தால் 20 அடி. வண்டியின் தொட்டியோ ஏழடி சொச்சம். கொஞ்சம் கேபின் மேல், மிச்சமெல்லாம் பின்னால், நுனியில் ஒரு சிவப்புத் துணி. "அண்ணாச்சி, ஒரு கட்டு போதாது. கயிறு இருந்தா குடுங்க, இன்னொண்ணு போட்டுக்கிறேன்" என்றார் டிரைவர். "பின்னால வண்டி நிக்குது பாரு தம்பி, மெதுவாப் போ, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மேம்பாலத்து ஏற்றத்தில் கட்டு நழுவியது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து. போலீஸ் வழக்கு டிரைவர் பேரில். கோர்ட்டுக்கு அலைந்தது அவர், அபராதம் கட்டியது அவர். என் பேரை யாரும் கேட்கக்கூட இல்லை. அந்த டிரைவர் இப்போது என் கடைப் பக்கம் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 194ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. பாரம் பக்கவாட்டில் பாடியைத் தாண்டினாலும், முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினாலும் 20,000 ரூபாய் அபராதம், இறக்குகூலி தனி. பாரத்தைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தவும் விடக்கூடாது. எடை கூடினாலும் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சிவப்புத் துணிக்கும் இப்போது மதிப்பில்லை. கம்பி முதலியவை பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம் என்று முன்பு விதியில் இருந்த சலுகை 2014இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய வரி வேறு. ஓட்டுகிறவரை மட்டும் அந்தப் பிரிவு குறிக்கவில்லை. ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. சொந்த வண்டியில் சரக்கு அனுப்பும் கடைக்காரர் இதிலிருந்து தப்ப வழியில்லை. வாடகை வண்டி என்றால் நாம் அதற்குள் வருவோமா, மாட்டோமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நடைமுறையில் ரோட்டில் நிறுத்தப்படுகிறவர் டிரைவர். சம்பவத்தன்று ஸ்டியரிங் பிடித்திருந்தவரும் அவரே. எனவே எல்லாம் அவர் தலையில் விழுகிறது.

டிரைவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கட்டு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும், பத்துக் கிலோமீட்டர் போனபின் இறங்கி மறுபடி பார்ப்பதும் அவர் வேலைதான். ஆனால் சரக்கை அடுக்குவது நம் லோடுமேன்கள், எவ்வளவு ஏற்றுவது என்று சொல்வது நாம், கிளம்பு கிளம்பு என்று விரட்டுவதும் நாம். முடியாது என்று சொன்னால் நாளைக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். இப்படிப்பட்டவரிடம் முழுப் பொறுப்பையும் கொடுப்பது என்ன நியாயம்?

ஜெர்மனியின் வணிகச் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. வழியில் சரக்கு நகராதபடி அடுக்கிக் கட்டித் தருவது அனுப்புகிற வியாபாரியின் கடமை; அந்தப் பாரத்தோடு வண்டி பத்திரமாக ஓடுமா என்று பார்ப்பது வண்டிக்காரர் கடமை. சாலைச் சட்டப்படி டிரைவருக்கும் பொறுப்பு உண்டு. பாரத்தை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் ஐரோப்பாவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் தள்ளும். வளைவில் பத்தில் ஐந்து பங்கு. என் முக்கால் டன் கம்பியைப் பிரேக்கில் நிறுத்த 600 கிலோவைத் தாங்கும் கட்டு வேண்டும். நான் அனுப்பியது ஒரே ஒரு கட்டுப் பழங்கயிறு.

இப்போது என் கடையில் கம்பிக்குச் சின்ன வண்டி கிடையாது. இரண்டு மூன்று பேருடைய ஆர்டரைச் சேர்த்து 20 அடி பாடியுள்ள லாரியில் அனுப்புகிறேன். மடித்த கம்பி உள்ளேயே அடங்கிவிடுகிறது. கயிறும் பெல்ட்டும் கடைச் செலவு. டிரைவர் "போதும்" என்று சொன்ன பிறகுதான் பில் கொடுக்கிறேன். இதற்கு ஒரு வண்டிக்கு இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது.

நஷ்டம் இல்லாமல் இல்லை. "அடுத்த கடையில உடனே ஏத்தி விடுறாங்க" என்று போன மாதம்கூட ஒரு மேஸ்திரி திரும்பிப் போய்விட்டார். ஒரு கடை மட்டும் கட்டுப்பாடு வைத்தால் வியாபாரம்தான் பக்கத்துக் கடைக்குப் போகும். அரிசி மூட்டை, பிளைவுட், தண்ணீர்த் தொட்டி விற்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான். ஆகவே தொட்டிக்கு வெளியே நீட்டும் சரக்கை உறுப்பினர் கடைகள் எதுவும் ஏற்றுவதில்லை, டிரைவர் மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அன்று நேரில் வந்து பேசலாம்.