எஞ்சின் வெள்ளம் துப்புதா?

குமரி மேற்குக் கடற்கரையில் வள்ளம் இறங்கும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றால் சாதாரணத் தண்ணீர்தான். அவுட்போர்டு எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தவர், எதிரே வரும் அலையைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை எஞ்சினின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். அங்கே இருக்கும் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே தாரையாகப் பீய்ச்சினால் நிம்மதி. சொட்டு சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ எஞ்சின் சூடேறப்போகிறது என்று அர்த்தம்.

பைக் எஞ்சின் சூடானால் ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம். வள்ளத்தில் அதற்கு வழியில்லை. அருமனைக்குப் பக்கத்தில் திற்பரப்பில் அருவியாக விழும் கோதையாறு, குழித்துறையைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் வாயில் மணல் சேர்வதும், அலை அடித்து வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போவதும் பலமுறை செய்தியான விஷயங்கள். அந்த வாயைக் கடக்கும் சில நிமிடங்களில் எஞ்சின் நின்றால், வள்ளம் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிவிடும். பிறகு நடப்பது யார் கையிலும் இல்லை.

உள்ளே சுற்றும் ரப்பர்

அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடலே அதன் ரேடியேட்டர். புரொப்பல்லருக்கு மேலே சல்லடை போன்ற சின்னத் துளைகள் இருக்கும். அதன் வழியாக உள்ளே வரும் கடல்நீரை ஒரு பம்ப் மேலே தள்ளும். அந்த நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கடலுக்கே திரும்பிவிடும். அதில் கொஞ்சத்தை மட்டும் நம் கண்ணுக்குக் காட்டுவதுதான் பின்பக்கத் துளை.

அந்த பம்பின் உயிர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். பூவிதழ் மாதிரி அதில் சில இதழ்கள் இருக்கும். அதைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் நடுவில் வைக்காமல், கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். சுற்றும்போது இதழ்கள் ஒரு பக்கம் வளையும், மறுபக்கம் நிமிரும். அந்த வளைவு நிமிர்வில்தான் தண்ணீர் உறிஞ்சப்பட்டு மேலேறுகிறது.

ரப்பர் என்றதும் அருமனைக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். விடியுமுன் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகை போடும் ஊர். ஆனால் தோட்டத்து ரப்பர் இந்த வேலைக்குச் சரிவராது. எண்ணெயும் மண்ணெண்ணெயும் பட்டால் அது ஊதிப்போகும். அதனால் நியோப்ரீன், நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில்தான் இம்பெல்லர் செய்கிறார்கள். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் உண்டு. சூடும் வயதும் ஏறினால் இறுகும், வெடிக்கும்.

இம்பெல்லருக்கு மசகு எண்ணெய் கிடையாது. தண்ணீரே மசகு. கரையில் வைத்து, தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு சத்தம் பார்ப்போம்" என்று எஞ்சினை ஓட்டினால், கொஞ்ச நேரத்திலேயே இதழ்கள் உரசித் தீய்ந்துவிடும். அடுத்த எதிரி மணல். ஆழமில்லாத வாயில் எஞ்சின் மணலைக் கலக்கி உறிஞ்சும்போது, இதழின் நுனியும் கிண்ணமும் உப்புத்தாள் போட்டதுபோலத் தேயும். ஆபத்தான அதே இடம்தான் எஞ்சினையும் மெல்லத் தின்கிறது.

கடலில் தாரை நின்றால்

முதலில் வேகத்தைக் குறையுங்கள். நியூட்ரலுக்கு வந்து, ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்துப் பார்க்கலாம். துளையில் ஒட்டிய பிளாஸ்டிக் பை பல நேரம் அதிலேயே விலகிவிடும். விலகாவிட்டால், அலைக்கும் பாறைக்கும் தள்ளி இருக்கும்போது எஞ்சினை அணைத்து, தூக்கிப் பாருங்கள். பை, துண்டு வலை, பாசி, சொறிமீன் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். ஓடும் எஞ்சினில் கை வைக்கவே கூடாது.

அடுத்து, தாரை வரும் துளை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தும், இந்தத் துளையில் உப்போ மணலோ அடைத்துத் தாரை நிற்பது உண்டு. தங்கூசித் துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினால் போதும். பளிச்சென்று தாரை வந்தால் பிரச்சினை அவ்வளவுதான்.

வராவிட்டால் ஓட்ட வேண்டாம். ஆற விடுங்கள். கொதிக்கும் எஞ்சின்மேல் வாளி நீரை ஊற்றுவது பெரிய தவறு. சட்டென்று குளிர்ந்தால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், சிறிய பழுது பெரிய செலவாகும்.

கரையில் வரிசையாகப் பாருங்கள்

நல்ல நீர் நிரப்பிய டிரம்மில், நீர் உறிஞ்சும் துளை முழுக மூழ்கும்படி எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் ஓட்டுங்கள்.

தாரை மெலிந்து, வேகம் கூட்டினாலும் வலுக்கவில்லை என்றால் சந்தேகம் இம்பெல்லர்மீது. கழற்றும்போது இதழ்களை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அது மேலே போய்க் குழாயை அடைத்து, புது இம்பெல்லர் போட்டும் சூடேறும். தண்டில் இருக்கும் சின்னச் சாவித்துண்டையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா இருக்கும். கிண்ணத்தில் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தாரை நன்றாக வந்தும் எஞ்சின் கொதித்தால், அடுத்து தெர்மோஸ்டாட். அது இருக்கும் எஞ்சினில், சூடு வந்தபின் திறந்துவிடும் கதவு அது. உப்பு பிடித்தால் மூடியபடியே நின்றுவிடும். இதைச் சோதிக்க அடுக்களையே போதும். கதவின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, பாத்திரத்து நீரில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கதவு திறந்ததும் நூல் நழுவி அது கீழே விழும். நீர் கொதித்தும் விழவில்லை என்றால் புதிது வாங்க வேண்டியதுதான்.

தண்ணீர் பக்கம் எல்லாம் சரி, சூடு மட்டும் குறையவில்லையா? எரிபொருளைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் குறைந்தால் பிஸ்டன் உரசும். பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் இடிக்கும், கூடுதலாகச் சூடேறும். எஞ்சினை உயரமாக மாட்டியிருந்தால், தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும்.

ஒரு டிரம் நல்ல நீர்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கரைக்கு வந்து எஞ்சினை அணைத்ததும், உள்ளே தங்கிய நீர் சூட்டில் வற்றும். உப்பு மட்டும் மிஞ்சும். நாள்தோறும் ஒரு படலம் என்று சேர்ந்தால், ஒருநாள் வழியே அடைபடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல நீரில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் இந்தக் கதையே இல்லை.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் அவுட்போர்டு எஞ்சின் விற்கத் தொடங்கினார். தென் திருவிதாங்கூர்க் கரையில் கட்டுமரமும் வள்ளமும் பரவலாக எஞ்சினுக்கு மாறியது 1980களில்தான். பாயும் துடுப்பும் இருந்த காலத்தில் சூடானது தோள் மட்டும். எஞ்சின் வந்தபின் தூரம் கூடியது, அந்த ரப்பர் சக்கரத்தின்மீது சுமையும் கூடியது.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்களுக்குத் தடை இல்லை. அதாவது, கடல் அதிகமாகக் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தச் சின்ன எஞ்சின்கள்தான் வாயைக் கடக்கின்றன. எனவே மே மாதத்திலேயே இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை எஞ்சின் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து கடலுக்குப் போகிறவரிடம் சோறு எடுத்தாச்சா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "எஞ்சின் வெள்ளம் துப்புதா?"