ராக்கெட் சரி, கப்பல் எங்கே?

சித்தூர், திருப்பதிப் பக்கத்து நண்பர்களோடு பேசினால் ராக்கெட் பெருமைதான் முதலில் வரும். 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது, கேட்கவா வேண்டும்! பெருமைப்படட்டும், நானும் அந்த மண்ணுதான். ஆனால் அதே ஆந்திராவில், விசாகப்பட்டினத்தில் இருக்கும் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிக் கேட்டால், "அதுவா, நஷ்டத்துல ஓடிச்சு, மிலிட்டரிகிட்ட குடுத்தப்புறம் பிழைச்சுது" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

வால்சந்த் ஹீராசந்த் 1941-இல் அந்தத் தளத்துக்கு அடிக்கல் போட வைத்தது போர்க்கப்பலுக்காக அல்ல. சரக்குப் போக்குவரத்து வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. நமக்கும் சொந்தக் கப்பல் வேண்டும் என்பதற்காக. நம்ம வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய அதே சண்டைதான். அவர் கப்பலை வெளிநாட்டில் வாங்கினார், இவர் இங்கேயே கட்டினார். 1948 மார்ச் 14 அன்று 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கினார். 1952-இல் தளம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட் ஆனது.

தென்கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் தளத்தின் வேலை ஆரம்பித்தது 1972-இல். ஜல உஷாவுக்கு 24 வருஷம் கழித்து! நான் பிழைக்க வந்த இந்த சிங்கப்பூர்க் கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்களில் பெரும்பாலானவை சீனா, கொரியா, ஜப்பானில் கட்டியவை. உலகக் கப்பல் கட்டுமானத்தில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது.

உடனே "நம்ம தொழிலாளி சோம்பேறி" என்று ஜல்லியடிக்க வருவார்கள். ஐயா, ஒரே டிசைனில் பத்துக் கப்பல் கட்டினால்தான் கை பழகும், செலவு குறையும். ஒரு ஆர்டர் முடிந்து அடுத்ததற்குக் காத்துக் கிடந்தால் யாருக்கு வேகம் வரும்? கப்பல் கட்ட அரசு கொடுத்த மானியத் திட்டம் 2007-இல் முடிந்தது. அடுத்த திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்க 2015 ஆனது. எட்டு வருஷம் வெறுங்கை.

2010-இல் தளம் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போனது. 2021-இல் ஐ.என்.எஸ். துருவ், 2025-இல் நிஸ்தார் என்று கடற்படைக்கு நல்ல கப்பல்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ராணுவ வேலை என்றால் தானாக வேகம் வந்துவிடாது. சிந்துகீர்த்தி நீர்மூழ்கியைப் பழுதுபார்க்க இதே தளத்தில் 2006 முதல் 2015 வரை ஆனது. கடற்படை என்ற ஒரே வாடிக்கையாளரை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவது?

உல்சானில் டாங்கரும் கட்டுகிறார்கள், ஏஜிஸ் போர்க்கப்பலும் கட்டுகிறார்கள். சீனாவின் ஜியாங்னான் தளத்தில் கன்டெய்னர் கப்பலும் உண்டு, 2022-இல் இறக்கிய ஃபூஜியான் விமானந்தாங்கியும் உண்டு. சரக்குக் கப்பலில் பழகிய கைதான் போர்க்கப்பலுக்கும் உதவுகிறது. இரண்டும் வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதை வைத்து விசாகப்பட்டினத்துக்குச் சரக்குக் கப்பல் ஆர்டர்களைத் தொடர்ச்சியாகக் கொடுங்கள். ஆந்திரா எம்.பி.க்கள் இதைக் கேட்கட்டும், சித்தூர், திருப்பதி எம்.பி.க்களையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் நம்ம கொடி போர்க்கப்பலில் பறக்கும், நம்ம சரக்கு மட்டும் அடுத்தவன் கப்பலிலேயே போய்க்கொண்டிருக்கும்.