ஊதா கலரு... உதாரு விடுறாரு!

"மச்சி, இது சாதா சரக்கு இல்ல. ஊதா கலர்! மலையில விளைஞ்சது. செம ஸ்ட்ராங்!" - ஹாஸ்டல் மொட்டை மாடியில் யாராவது இப்படி அளந்துவிட்டால் நம்பிடாதீங்க பாஸ். அது குளிர் செய்த வேலை!

கஞ்சாச் செடிக்குத் தோதானது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். அதில் இலை பச்சைப்பசேல்னு இருக்கும். வெயில் ரொம்ப ஏறினால் ஒளிச்சேர்க்கை குறைந்து வளர்ச்சி மந்தமாகும். ராத்திரிக் குளிர் அதிகமானாலும் அப்படித்தான். கூடவே கலரும் மாறும். பச்சையம் குறையக் குறைய, ஆந்தோசயனின் என்கிற நிறமி தலைகாட்டும். நம்ம கத்திரிக்காய்த் தோலிலும் நாவல்பழத்திலும் இருக்கிற அதே சமாச்சாரம்! எல்லாச் செடியும் ஊதாவாகாது. பரம்பரையில் அந்தக் குணம் இருக்கணும்.

சரி, போதை? அதைத் தருவது டி.ஹெச்.சி. என்ற வேறு ரசாயனம். பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில் உருவாவது. கலரைப் பார்த்து அதன் அளவைச் சொல்லவே முடியாது.

ஆனால், போலீஸ் கலர் பார்க்காது. 1985-ம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, 1 கிலோவுக்குள் சிக்கினாலே ஓராண்டு வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 'சும்மா அழகுக்கு' தொட்டியில் வளர்த்தால் 10 வருஷம் வரை உள்ளே!

ஊதா மேல அவ்வளவு ஆசையா? அரை கிலோ கத்திரிக்காய் வாங்கி அம்மாகிட்ட கொடுங்க. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு எந்த கேஸும் கிடையாது!