உடம்பு வலிக்கு ஒரு கால்சியம் சோதனை

குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் உடம்பு வலி என்று சொல்லாத பெண்ணைக் காண்பது அரிது. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மூட்டையைச் சுமந்து ஏறி இறங்கினால் இடுப்பும் முழங்காலும் வலிக்கத்தான் செய்யும். அதனாலேயே அந்த வலிக்கு வேறு காரணம் இருக்குமா என்று யாரும் தேடுவதில்லை. குளிர், வேலை, வயது என்று பழியைப் போட்டுவிட்டு மெடிக்கலில் வலி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு அந்தக் கால்சியம் மாத்திரையே கெடுதலாகிவிடும்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. ரத்தத்தில் கால்சியத்தை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பதே இவற்றின் பணி. இவை கெடும்போது, பெரும்பாலும் நான்கில் ஒன்றில் சாதாரணக் கட்டி வளர்ந்து, ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு ரத்தத்தில் கூடுகிறது. சிறுநீரகத்தில் கல் சேர்கிறது. தீராத அசதி, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் வரும். கல் வந்தால் 'குளிரில் தண்ணீர் குடிப்பதில்லை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். கல் மீண்டும் மீண்டும் வந்தால் கால்சியத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மேலை நாடுகளில் 1970-களிலிருந்து வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கால்சியமும் சேர்ந்ததால், அறிகுறி தோன்றும் முன்பே இந்நோய் பிடிபடுகிறது. நம் நாட்டில் எலும்பு முறிந்த பிறகும், கல் அடைத்த பிறகும் வருவோர் இன்னும் பலர். இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் சோதிக்காமல் விடுவதே.

கால்சியம் கூடியிருந்தால் அல்புமின், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கால்சியம் உயர்ந்திருக்கும்போது ஹார்மோன் 'நார்மல்' என்று வந்தாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. அந்நிலையில் அது நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். பாலை நிறுத்தவும் வேண்டாம், உணவில் கால்சியம் குறைந்தால் சுரப்பி மேலும் தூண்டப்படும்.

கெட்டுப்போன சுரப்பியை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கை வேண்டும். இந்நோயால் அவதிப்பட்ட அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்டெலுக்கு அது 1932-இல், ஏழாவது அறுவையில்தான், நெஞ்சுக்கூட்டுக்குள் அகப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறைகள் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. தைராய்டை அகற்றும்போது இந்தச் சுரப்பிகளும் சேதமடையலாம். அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரமரப்பு, தசை இழுப்பு வந்தால் கால்சியம் சரிந்திருக்கிறது என்று பொருள். மலையிறங்கிக் கோவைக்குப் போய் அறுவை செய்துகொண்டு திரும்புபவருக்கு இதைச் சொல்லியனுப்புவது மருத்துவரின் கடமை.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951-இலேயே சட்டம் வந்தது. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர், இரண்டாம் முறை கல் வந்தவர், மாதக்கணக்கில் எலும்பு வலிப்பவர் எல்லோருக்கும் கால்சியம் பார்ப்பதை நீலகிரியின் மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். அதுவரை, சர்க்கரைக்காக ரத்தம் கொடுக்கும்போது கால்சியத்தையும் பார்க்க முடியுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.